டயரில் ‘சைப்’ என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டயர்க் கடையில் நிற்கிறவன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: “பள்ளம் இன்னும் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் தண்ணியில வழுக்குது?” இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல ஒரு சொல் தேவைப்படுகிறது. அந்தச் சொல்தான் ‘சைப்’. டயர் நிறுவனங்களின் விளக்கப் புத்தகங்களில் இருக்கும், கடை வாசலில் கேட்காது. கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சைப் என்றால் என்ன?

டயரின் தரையில் படும் பகுதியில், ரப்பர் கட்டிகளின் மேல் இருக்கும் மெல்லிய கீறல். கத்தியால் கீறியது போல இருக்கும். அகலம் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சும்மா நிற்கும் டயரில் அந்தக் கீறலின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒட்டியே இருப்பதால், கவனித்துப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது.

டயரில் பெரிதாகத் தெரிகிற, விரல் நுனி இறங்குகிற வாய்க்கால்களை ‘குரூவ்’ என்கிறோம். அவை வேறு, சைப் வேறு. இந்தப் பக்கம் முழுக்க இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

எப்படி உச்சரிப்பது?

‘பைப்’ மாதிரி ‘சைப்’. சிலர் ‘சிப்’ என்று படிக்கிறார்கள். அது தவறு.

என் டயரில் அது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டியை நிறுத்திவிட்டு, முன் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வையுங்கள். அப்போதுதான் டயரின் முகம் வெளியே தெரியும். சுற்றுவாக்கில் மூன்று அல்லது நான்கு பெரிய பள்ளங்கள் ஓடும். அவற்றுக்கு இடையில் உள்ள ரப்பர் மேடுகளைத்தான் நம் ஊரில் ‘பட்டன்’ என்கிறோம். ஒரு பட்டன் மேல் நகத்தை வைத்துக் குறுக்காக மெதுவாக இழுங்கள். நகம் ‘டிக்’ என்று ஒரு இடத்தில் தட்டும். அதுதான் சைப்.

இன்னும் தெளிவாகப் பார்க்க ஆசை இருந்தால், கட்டைவிரலால் அந்தப் பட்டனின் ஓரத்தை அழுத்தித் தள்ளுங்கள். ஒட்டியிருந்த கீறல் வாய் திறக்கும். உள்ளே ரப்பர் கருகருவென்று புதிதாக இருக்கும், சாலைத் தூசி படாமல். கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது: தரையைத் தொடும்போது திறந்து மூடி, விலகும்போது விரிந்து துப்பி.

பெரிய பள்ளங்கள் இருக்கும்போது இந்தக் கீறல் எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கார் டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடுகிற பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த நாலு உள்ளங்கைகள்தான். அந்தப் பரப்பின் நீளம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு பட்டன் தரையில் படுத்து எழுந்திருக்க ஒரு நொடியில் ஏறக்குறைய 150-இல் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கிறது. அதற்குள் அதன் அடியில் இருக்கும் தண்ணீர் வெளியேறியாக வேண்டும்.

இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், டயருக்கு முன்னால் குவியும் தண்ணீரில் பெரும்பகுதியைப் பெரிய பள்ளங்கள் வாங்கிப் பின்னாலும் பக்கவாட்டிலும் தள்ளிவிடுகின்றன. வயலுக்கு வடிகால் வெட்டுவது போலத்தான். ஆனால் வடிகால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வயலில் சேறு பளபளவென்று மிச்சமிருக்கும் இல்லையா? அதே மாதிரி சாலையிலும் பட்டனுக்கு நேர் அடியில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் மிஞ்சுகிறது. அது இருக்கும்வரை ரப்பர் தாரைத் தொடவில்லை, தண்ணீரைத்தான் தொடுகிறது. வழுக்குவது இதனால்தான்.

அந்தப் படலத்தை உடைப்பது சைப்பின் வேலை. ஒரு கீறல் போட்டால் அங்கே இரண்டு விளிம்புகள் பிறக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது பட்டன் லேசாகச் சாய்கிறது, கீறலின் விளிம்பு தரையில் அழுந்துகிறது. பாத்திரம் துடைத்த மேடையில் ரப்பர் வைப்பரை இழுத்தால் ஈரம் எப்படி ஒதுங்கும், அப்படி அந்த விளிம்பு படலத்தை வழித்துவிடுகிறது. வழித்த ஈரத்தில் கொஞ்சம் கீறலுக்குள்ளேயே போய் ஒதுங்குகிறது. பின்னால் வரும் ரப்பர் காய்ந்த தாரைப் பிடிக்கிறது.

ஆக, பள்ளம் தண்ணீரை வடிக்கிறது, கீறல் ஈரத்தைத் துடைக்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

சைப் நிறைய இருந்தால் தேங்கிய தண்ணீரில் வண்டி மிதக்காமல் இருக்குமா?

இருக்காது. தேங்கிய தண்ணீரின் மேல் டயர் ஏறி மிதப்பதை ‘அக்வாபிளேனிங்’ என்கிறார்கள். அந்தத் தண்ணீரின் அளவுக்கு முன்னால் கீறல் ஒன்றுமே இல்லை. அங்கே பெரிய பள்ளத்தின் ஆழமும் காற்றழுத்தமும் வேகமும்தான் பேசும்.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்துச் சோதித்து ஒரு எளிய கணக்கைத் தந்தது. தண்ணீரின் ஆழம் டயரின் பள்ளத்தையும் மிஞ்சிவிட்டால், காற்றழுத்தத்தின் (பி.எஸ்.ஐ. அளவில்) வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்குங்கள். மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் வரும். 32 பி.எஸ்.ஐ. வைத்த கார் டயருக்கு இது ஏறக்குறைய மணிக்கு 94 கி.மீ. காற்று இறங்கி 24 ஆகிவிட்டால் 82 கி.மீ.க்கே மிதக்கும். மழைக்கு முன்னால் காற்றுப் பிடிக்கச் சொல்லி நாங்கள் நச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஒரு மனிதரின் பெயர். ஜான் சைப் என்ற அமெரிக்கர். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர் என்றும், ஈரத் தரையில் கால் வழுக்குவது பொறுக்காமல் தன் காலணியின் ரப்பர் அடியில் கத்தியால் குறுக்குக் குறுக்காகக் கீறிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். வழுக்குவது குறைந்தது. அதே யோசனையை வண்டி டயருக்கும் கொண்டுபோனார். 1923-இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் காலத்தில் டயரில் வடிவம் வெட்டுவதே புதிது. முதலில் வந்த காற்று டயர்கள் மொழுமொழுவென்றுதான் இருந்தன. ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் 1904-இல் வடிவம் போட்ட டயரைக் கொண்டுவந்தது. 1908-இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ‘ஃபயர்ஸ்டோன் நான் ஸ்கிட்’ என்ற எழுத்துகளையே டயர் முகம் முழுக்கக் குறுக்காக வார்த்துவிட்டது. எழுத்தின் விளிம்புகள்தான் பிடிமானம். விளம்பரமும் ஆச்சு, வழுக்காமலும் ஆச்சு. இன்றைக்கும் நம் ஊர் டயர்த் தொழிலில் பள்ளத்தின் ஆழத்தை ‘நான் ஸ்கிட் டெப்த்’, சுருக்கமாக ‘என்.எஸ்.டி.’ என்றுதான் சொல்கிறோம்.

மனிதர் பெயர் பொருளின் பெயராவது நமக்குப் புதிதல்ல. ருடால்ஃப் டீசலின் பெயரைச் சொல்லித்தான் பங்க்கில் எரிபொருள் கேட்கிறோம். சாலை போடுகிறவர்கள் ‘மெக்கடம்’ என்பது ஸ்காட்லாந்தின் ஜான் மெக்கடம் பெயர். அந்த வரிசையில் சைப்பும் ஒன்று. மற்ற இரண்டும் ஊரெல்லாம் பரவின, இது டயர்க்காரர்களின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆங்கில அகராதியில் ‘சைப்’ என்றால் ‘கசிதல்’ என்று போட்டிருக்கிறதே?

அது வேறு சொல். எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்திலும் ஸ்காட்லாந்து வழக்கிலும் மெல்லக் கசிவதற்கு அப்படி ஒரு வினை உண்டு. டயரிலும் தண்ணீர் விவகாரம் வருவதால் அதிலிருந்துதான் இது வந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. டயரின் சைப் ஜான் சைப்பிடமிருந்து வந்தது.

வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது?

பெயராகவும் வரும், வினையாகவும் வரும். “இந்த டயரில் சைப் அதிகம்”, “ஓரப் பட்டன்களில் சைப் இல்லை”, “நடு வரியில் சைப் ஆழம் குறைவு” என்பவை பெயராக வருபவை. கீறல் போடும் செயலை ‘சைப்பிங்’ என்பார்கள்: “ஐஸ் சாலைக்குப் போகிறவர்கள் சைப்பிங் செய்துகொள்கிறார்கள்.”

தவறாகப் பயன்படுவதும் உண்டு. சுற்றுவாக்கில் ஓடும் பெரிய வாய்க்காலைச் சைப் என்று சொல்லக்கூடாது. கல்லோ கண்ணாடியோ கிழித்த வெட்டைச் சொல்லக்கூடாது. வயதான டயரின் பக்கவாட்டில் வெயில் பட்டு வரும் சிறு சிறு வெடிப்புகளையும் சொல்லக்கூடாது. இந்த மூன்றாவதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய டயர் வாங்கப் போன இடத்தில், பக்கவாட்டு வெடிப்பைக் காட்டி “இது டிசைன்தான் சார்” என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சைப் எப்போதும் தரையில் படும் முகத்தில்தான் இருக்கும். ஒழுங்கான இடைவெளியில், ஒரே அச்சில், டயர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பக்கவாட்டில் தெரியும் வெடிப்பு ரப்பர் செத்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பள்ளத்துக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஏர் போன வழியில் விழுவது சால். பலகையில் இன்னொரு பலகையைச் செருகத் தச்சர் வெட்டுவது காடி. இலங்கைப் பாடநூல்களில் குரூவுக்குத் தவாளிப்பு என்று எழுதுகிறார்கள். நம் பக்கத்துக் கலைச்சொல் பட்டியல்களில் வரிப்பள்ளம் என்று பார்த்திருக்கிறேன். அம்மி வழவழப்பானால் உளியால் கொத்துவார்கள். அது பள்ளம்கூட இல்லை, புள்ளி புள்ளியான குழி. ஆனால் காரணம் சைப்பின் காரணம்தான்: தேய்ந்து மொழுக்கான பரப்புக்குப் பிடிப்பு வேண்டும்.

இவற்றில் எதுவும் சைப்புக்குச் சரியாகப் பொருந்தவில்லை. சால், காடி, தவாளிப்பு எல்லாவற்றிலும் உள்ளே இருந்த பொருளை வெளியே எடுத்துவிடுகிறோம். மண் புரண்டு போகிறது, மரச் சீவல் உதிர்கிறது. சைப்பைப் பார்த்தால் எதையும் எடுத்த மாதிரியே தெரியாது. பிளந்து விட்டது போல இருக்கும், பக்கங்கள் இரண்டும் ஒட்டி நிற்கும். பனையோலையில் எழுத்தாணி போட்ட கீறல்தான் இதற்கு அருகில் வருகிறது. மை தடவும்வரை அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. டயரிலும் அப்படித்தான், ஈரம் இறங்கினால்தான் கோடு தெரியும்.

வெறும் ‘கீறல்’ என்றால் டயர் பழுதாகிவிட்டது என்று வாடிக்கையாளர் பயப்படுவார். அதனால் நான் ‘கீற்று’ என்கிறேன். மெல்லிய, நீண்ட, பிளந்த ஒன்று என்ற பொருள் அதில் இருக்கிறது. “பள்ளம் இருக்கு, கீற்று போயிடுச்சு” என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. எழுதும்போது ‘பிடிகீற்று’ என்று எழுதலாம் என்பது என் யோசனை. வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சந்தோஷமாக மாற்றிக்கொள்வேன்.

சைப் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. கீறக் கீறப் பட்டன் தளரும். ஒரு முழு ரப்பர் கட்டியைத் தள்ளிப் பாருங்கள், அசையாது. அதையே ஆறு சீவலாக வெட்டிவிட்டுத் தள்ளினால் புத்தகத்தின் ஏடுகள் போலச் சாயும். காய்ந்த சாலையில் வளைவில் திரும்பும்போது இந்தச் சாய்வு வண்டியைக் குழைய வைக்கும். அசைந்துகொண்டே இருக்கும் ரப்பர் சூடாகும், சீக்கிரம் தேயும். ஒரு பட்டனின் ஒரு ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி ஆகும், பிறகு ஹூம் என்று சத்தம் வரும்.

பந்தயக் காரில், காய்ந்த தடத்துக்குப் போடும் டயரில் ஒரு கோடுகூட இருக்காது. மழை வந்தால் உடனே டயரை மாற்றுவார்கள். நமக்கு அப்படி மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர்தான். அதனால் எங்கே எத்தனை கீற்று போடுவது என்பது டயர் வடிவமைக்கிறவர்களின் பெரிய தலைவலி. பெரும்பாலும் நடுப்பகுதியில் அதிகமாகவும், வளைவில் பாரம் தாங்கும் ஓரப் பட்டன்களில் குறைவாகவும் போடுகிறார்கள்.

‘முப்பரிமாண சைப்’ என்று விளம்பரத்தில் வருகிறதே?

அந்தத் தளர்ச்சிக்குக் கண்டுபிடித்த மருந்து அது. கீற்று உள்ளே நேராக இறங்காமல் அலை அலையாக, மேடும் குழியுமாக இறங்கும். பட்டன் சாய ஆரம்பித்ததும் ஒரு பக்கத்து மேடு எதிர்ப்பக்கத்துக் குழியில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள், அதுதான். மேலே விளிம்புகள் கிடைக்கின்றன, உள்ளே பட்டன் திடமாக நிற்கிறது. விளம்பரத்துக்காகச் சொல்வதல்ல, உண்மையான முன்னேற்றம்.

தொழிற்சாலையில் கத்தியால்தான் வெட்டுகிறார்களா?

இல்லை, அச்சிலேயே வந்துவிடும். டயர் வார்க்கும் அச்சின் உட்புறத்தில் மெல்லிய எஃகுத் தகடுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். இன்னும் வேகாத ரப்பரை உள்ளே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்தால் ரப்பர் அந்தத் தகடுகளைச் சுற்றி வெந்து கெட்டிப்படும். அச்சைத் திறந்து டயரை எடுக்கும்போது தகடுகள் உருவிக்கொண்டு வரும். தகடு இருந்த இடம் கீற்றாகிறது. ஜெர்மானியர்கள் கீற்றையே ‘லாமெல்லே’, அதாவது மெல்லிய தகடு என்றுதான் சொல்கிறார்கள். அலைபோல் வளைந்த தகட்டைச் சூடான ரப்பரிலிருந்து கிழிக்காமல் உருவுவது பெரிய வித்தை.

பனி நாட்டு டயர்களில் ஏன் இவ்வளவு கீற்றுகள்?

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீடியோ அழைப்பில் குளிர்கால டயரைக் காட்டும்போது பாருங்கள், ஒரு பட்டனில் நாலைந்து கோடு நெளிந்து நெளிந்து ஓடும். ஐஸ் மேல் பெரும்பாலும் தண்ணீர்ப் படலம் இருக்கும், பனித்தூளில் விளிம்பு பதிந்தால்தான் வண்டி நகரும். அதனால் அங்கே கீற்றுகள்தான் உயிர். கீற்று மட்டும் போதாது, குளிரில் கல்லாக இறுகிவிடாத மென்மையான ரப்பரும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் குளிர்கால டயர்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்திவலையும் வரைந்த முத்திரை இருக்கும். நம் ஊர்த் தார் சூட்டில் அந்த டயரை ஓட்டினால் அழிரப்பர் மாதிரி கரைந்துவிடும். யாராவது மலிவாகக் கிடைக்கிறது என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

டயர் தேயத் தேயச் சைப் என்ன ஆகும்?

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

புதுக் கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. வேண்டும். அந்த அளவில் பள்ளத்துக்குள்ளே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் ‘டி.டபிள்யூ.ஐ.’ என்றோ ஒரு முக்கோணமாகவோ குறி போட்டிருக்கும் இடத்துக்கு நேரே பார்த்தால் தெரியும். அந்த மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. இது பலருக்குத் தெரியும்.

தெரியாதது, பல டயர்களில் கீற்று அந்த ஆழம்வரை இறங்குவதில்லை என்பது. பட்டன் தளரக் கூடாது என்பதற்காகவே பாதி ஆழத்தில் நிறுத்திவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட டயர் பாதி தேய்ந்ததுமே கீற்றுகள் மறைந்துவிடும். பள்ளம் 3, 4 மி.மீ. மிச்சம் இருக்கும். சட்டப்படி சரிதான், பார்வைக்கும் சரிதான். ஆனால் ஈரத்தைத் துடைக்க ஒரு விளிம்புகூட இருக்காது. ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்கு 4 மி.மீ. வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பனி டயர்களில் பாதி தேய்ந்ததைக் காட்டத் தனியாக ஒரு குறி மேடு உண்டு.

இரண்டு வருடம் முன்பு என் மாமா புரட்டாசி கடைசியில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். என்.எஸ்.டி. கேஜை வைத்தேன், 3.5 காட்டியது. “மாமா, இந்த மழைக்கு முன்னாடி முன் டயர் ரெண்டையும் மாத்திருங்க” என்றேன். “ஏன்டா, மூணரை இருக்கேடா” என்றார். அவர் விரலைப் பிடித்துப் பட்டன் மேல் தேய்த்துக் காட்டினேன். சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த புது டயரில் தேய்க்கச் சொன்னேன், நகம் தட்டித் தட்டிப் போனது. அவர் அன்றைக்கு மாற்றவில்லை, தீபாவளி கழியட்டும் என்றார். அடுத்த வாரம் முதல் மழை. சிக்னலில் நின்றிருந்த ஆட்டோவைப் பார்த்துப் பிரேக் அடித்திருக்கிறார், வண்டி நிற்காமல் போய் பம்பரில் இடித்தது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. முதல் மழையில் சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து கூழாக இருக்கும். அதன் மேல் மொழுக்கு ரப்பர். ஆட்டோக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குத்தான் வந்தார். அன்றிலிருந்து கேஜில் எண்ணை மட்டும் படித்துச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். யார் வந்தாலும் விரலை வைத்துத் தேய்க்கச் சொல்கிறேன்.

கீற்று போய்விட்டால் மறுபடியும் வெட்டிக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் சில டயர்க் கடைகளில் அதற்கென்றே இயந்திரம் இருக்கிறது. சுழலும் கத்தி டயர் முகம் முழுக்க மெல்லிய கோடுகளைப் போட்டுக்கொண்டே போகும். பனிச் சாலைக்காக அங்கே கேட்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் தேவையில்லை. டயரின் முகத்தில் நாமாக வெட்டினால் உத்தரவாதம் போக வாய்ப்பும் இருக்கிறது, அட்டையைப் படித்துப் பாருங்கள்.

இதையும் சாலையோரத்தில் சூட்டுக் கத்தியால் பள்ளம் தோண்டுவதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அது வேறு, மிகவும் ஆபத்தானது. தேய்ந்த கார் டயரில் மிஞ்சி இருப்பது கம்பிக்கு மேலே கொஞ்சம் ரப்பர்தான். அதையும் தோண்டினால் பார்வைக்குப் புது டயர், உள்ளே கம்பி வெளியே வரக் காத்திருக்கும். நெடுஞ்சாலையில் வெடித்தால் பிழைப்பது கஷ்டம். லாரி, பஸ் டயர்களில் சிலவற்றின் பக்கவாட்டில் ‘ரீகுரூவபிள்’ என்று பொறித்திருக்கும். அவற்றில் மட்டும் இதற்காகவே அடியில் கூடுதல் ரப்பர் வைத்திருப்பார்கள். அந்த எழுத்து இல்லாத டயரைத் தோண்டக் கூடாது. பழைய டயர் வாங்குகிறவர்கள் பள்ளத்தின் அடியைப் பாருங்கள்: அச்சில் வந்த பள்ளம் வழுவழுப்பாக, ஒரே அளவாக இருக்கும். தோண்டிய பள்ளம் கோணலாக, சிராய்த்த மாதிரி இருக்கும். டி.டபிள்யூ.ஐ. மேடும் காணாமல் போயிருக்கும்.

லாரியின் முன் டயரில், வரிகளின் ஓரத்தில் மட்டும் குட்டிக் குட்டி வெட்டுகள் இருக்கின்றனவே?

அவையும் சைப்தான், ஆனால் முக்கிய வேலை வேறு. முன்னால் ரிப் டயர், பின்னால் குறுக்கே பெரிய பெரிய கட்டிகள் உள்ள லக் டயர் போடுவது லாரிக்காரர்கள் வழக்கம். நீளவாக்கில் வரி வரியாக ஓடும் ரிப் டயரில், வரியின் ஓரம் விறைப்பாக இருந்தால் அங்கே மட்டும் தேய்ந்து வாய்க்கால் போல் அரித்துக்கொண்டு போகும். ஓரத்தில் சின்னதாகக் கீறிவிட்டால் அந்த இடம் இளகும், தேய்மானம் பரவலாகும்.

விமான ஓடுபாதையில் குறுக்கே கோடு கோடாக வெட்டியிருக்கிறார்களே, அதுவும் சைப்பா?

இல்லை, அது குரூவ். வடிகால் வேலைதான். அமெரிக்க விமானத் துறையின் அளவுப்படி கால் அங்குல அகலம், கால் அங்குல ஆழம், ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. கான்கிரீட் வளையாது, திறந்து மூடாது. சைப் என்றால் வளைகிற பொருளில்தான் இருக்க முடியும்.

பைக் டயரில்?

குறைவாகத்தான் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பைக் சாய்ந்து திரும்பும், அப்போது பட்டன் குழைந்தால் ஆள் கீழே. அதனால் பள்ளம், ரப்பரின் தரம், காற்றழுத்தம் இவற்றைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

செருப்பிலும் சைப் உண்டா?

உண்டு, இது தொடங்கியதே காலணியில்தானே. 1935-இல் பால் ஸ்பெரி என்ற அமெரிக்கப் படகோட்டி, தன் நாய் பனியில் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து அதன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாராம். பாதம் முழுக்க நுண்ணிய வெடிப்புகள். அதைப் பார்த்து ரப்பர் அடியில் மீன்முள் வடிவத்தில் கீற்றுகள் போட்டார். ஈரமான படகுத் தளத்தில் வழுக்காத காலணி அப்படித்தான் பிறந்தது. அமெரிக்கக் கடற்படையும் பின்னாளில் அதை வாங்கியது.

இதைப் படித்துவிட்டு வீட்டு ஹவாய்ச் செருப்பில் பிளேடு வைக்காதீர்கள். அந்த ரப்பர் பஞ்சு மாதிரி, கீறினால் விளிம்பு நிற்காது, பிய்ந்துகொண்டு போகும். குளியலறைக்குச் செருப்பு வாங்கும்போது கடையிலேயே அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். கோடுகள் வாய் திறந்தால் வாங்கலாம்.